நர்ஸம்மா உட்கார்ந்து கேட்டது அவர்களிடம்தான்

எங்கள் வீட்டுக்காரருக்கு வலது காலில், சுண்டுவிரலை ஒட்டி ஒரு புண். முள் குத்தியதா, கல் கிழித்ததா என்று அவருக்கே தெரியாது. சர்க்கரை உள்ள உடம்பு. பாதத்தில் உணர்ச்சி போய் ரொம்ப நாளாகிறது. புண் கருத்து, நாற்றம் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "கருப்பு இந்த விரலோட நின்னா விரலோட போகும். மேல ஏறுச்சுன்னா காலை எடுக்கச் சொல்லிருவாங்க. தினம் வந்து கட்டு மாத்துங்க" என்றார்.

அன்றிலிருந்து பஸ் ஏறி அரசு ஆஸ்பத்திரியின் கட்டுப்போடும் அறைக்குப் போய்வருவதே என் பிழைப்பாகிவிட்டது. காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, முருகன் படத்துக்கு விளக்கேற்றி, "கருப்பு ஏறாமப் பாத்துக்கய்யா" என்று சொல்லி, திருநீற்றை அவர் நெற்றியில் வைத்து, முழங்காலிலும் கொஞ்சம் பூசுவேன். புண் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் முழங்காலோடு நிறுத்திக்கொள்வேன். அதற்குக் கீழே முருகன் பாடு.

நர்ஸம்மா கடலோர ஜெகதாப்பட்டினத்துப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். கை அவ்வளவு மெத்து. பழைய துணி ஒட்டிக்கொண்டிருந்தால் மருந்துத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, வலிக்காமல் பிரிப்பாள். அந்தப் பெண்ணின் மனதில் இடம் பிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. முருங்கைக் கீரையை ஆய்ந்து கொண்டுபோய்க் கொடுப்பேன். எங்கள் கொல்லைக் கடலையை வறுத்துக் கொண்டுபோவேன். கிருத்திகைக்கு மறுநாள் பிரசாதம். அவளும் எங்களைக் கண்டதும் "வாங்கம்மா, ஐயாவை இங்கிட்டு உக்கார வைங்க" என்று முதலில் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரியில் நமக்கு ஒரு ஆள் இருக்கிறது என்று ஊரில் நான் கொஞ்சம் பெருமையாகவே பேசிக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் கேம்ப்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் ஊருக்கு ஐந்தாறு மைல் தள்ளி இலங்கை அகதிகள் முகாம் இருக்கிறது. இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் எங்கள் பக்கம் கேம்ப் என்றால்தான் விளங்கும். அங்கே உள்ள ஆம்பிளைகள் பாதிப் பேருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. இவரும் பெயின்டர்தான். அறுபதை நெருங்கும் வயது, ஒடிசலான ஆள். குதிகாலில் புண். கூடவே அவர் சம்சாரம். நரைத்த முடியை எண்ணெய் வைத்து வழித்துக் கொண்டை போட்டு, கசங்காத சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு. கட்டுப்போடும் அறைக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று பார்த்த அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. போதாததற்கு, உட்கார்ந்ததும் "முருகா" என்றது அந்தம்மா. நான் வாயெடுக்கும் முன்னே அது கூப்பிட்டுவிட்டது.

ஆனால் முதல் சில நாள் எனக்குக் கவலை இருக்கவில்லை. நர்ஸம்மாவுக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகவே இல்லை. பேசுவது புரியாமல் இல்லை. அவர்கள் பேச்சில் ராகம் வேறு, அவ்வளவுதான், ரெண்டும் தமிழ்தான். நர்ஸம்மா பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"எங்க வச்சுக் குத்துச்சு?"

பெயின்டர் எழுந்து நின்றுவிட்டார். புண் உள்ள காலை ஊன்றி, ரெண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். "வீட்டில, மிஸ்."

"என்ன குத்துச்சு?"

"கல்லு."

"எப்ப?"

"முந்தி."

"கூட யாரு இருந்தா? உடனே யாருகிட்டயும் காட்டலையா?"

"ஒருத்தரும் இல்லை, மிஸ். நான் தனிய."

"ஒக்காருங்க மொதல்ல. வலிக்குதா?"

"இல்லை. ஒரு பிரச்சனையும் இல்லை, மிஸ்."

அந்தக் கால் நடுங்குவது வாசலில் இருந்த எனக்குத் தெரிகிறது. மனுஷன் வாய் மட்டும் இல்லை, இல்லை என்கிறது. உட்காரச் சொன்னால் உட்காருவார், அடுத்த கேள்வி வந்ததும் எழுந்துவிடுவார். கண் முழுக்கப் பேனா மேல். நர்ஸம்மா காது கேட்காத ஆளிடம் பேசுகிற மாதிரி சத்தத்தைக் கூட்டினாள். கூட்டக் கூட்ட அவர் பதில் சுருங்கியது. சம்சாரமோ தரையைப் பார்த்தபடி இருந்தது. மறுநாளும் இதே கூத்து. புண் ஆறவில்லை, சீழ் நிற்கவில்லை. "என்ன ஆளுகம்மா இவுக, வாயத் தொறந்து சொன்னாத்தானே வைத்தியம் பாக்க முடியும்?" என்று நர்ஸம்மா என்னிடம் சலித்துக்கொண்டாள். என்னிடம் சொன்னாளே என்று எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. "அவுக அப்படித்தான் சிஸ்டர், ஒட்டமாட்டாக" என்று நானும் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை.

ஒரு நாள் எங்கள் வீட்டுக்காரருக்குப் பழைய கட்டைப் பிரித்துவிட்டு, புதுத் துணி எடுக்கத் திரும்பிய நர்ஸம்மா, பெஞ்சில் இருந்த பெயின்டரிடம் போகிற போக்கில், "ராத்திரி தூங்குனீங்களா?" என்று கேட்டாள். அவர் எழுந்து நின்று, "ஓம் மிஸ், நல்ல நித்திரை, ஒரு பிரச்சனையும் இல்லை" என்றார். நர்ஸம்மா அப்படியே நின்றுவிட்டாள். அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேனாவைச் சட்டைப் பைக்குள் போட்டாள். மூலையில் கிடந்த இரும்பு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"எங்கண்ணன் போட்டுல போறவரு" என்று ஆரம்பித்தாள். "அங்கிட்டு உங்க ஊர்க் கடல்ல நேவிக்காரங்க புடிச்சிட்டாங்க. ஜெயில்ல கெடந்துட்டு வந்தாரு. வீட்டுக்கு வந்ததும் எங்கம்மா, சாப்பிட்டியாடான்னு கேட்டுச்சு. எந்திரிச்சு நின்னு, சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், ஒரு பிரச்சனையும் இல்லைங்குறாரு. பெத்தவகிட்ட! யாரு எது கேட்டாலும் கொஞ்ச நாளைக்கு அந்தப் பதில்தான். நீங்க நின்னதப் பாத்ததும் எனக்கு அவரு ஞாபகம் வந்துருச்சு."

பெயின்டர் மெதுவாக உட்கார்ந்தார்.

"நான் போலீசு இல்லண்ணே. நீங்க சொல்லுறது புண்ணுக்குத்தான். சரி, அத விடுங்க. எங்க வீட்டுச் செவுத்துல பெயின்ட் அடிச்சு ஒரு வருசம் ஆகல, உப்புப் பூத்துப் பொக்குப் பொக்கா உரியுது. கடலோரமில்ல, அப்படித்தான்னு சொல்லுறாங்க. நெசமா?"

அவ்வளவுதான். மனுஷனுக்கு எங்கிருந்துதான் பேச்சு வந்ததோ! சுவர் காயாமல் அடித்திருப்பான் என்றார். பழைய பூச்சைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே அடிக்கிறவனைக் கட்டிவைத்து அடிக்க வேண்டும் என்றார். கையை வீசி, அந்தரத்திலேயே சுவருக்குப் பட்டி பூசிக் காட்டினார். சம்சாரம் சிரித்துவிட்டு, "இனி இவரை நிப்பாட்ட ஏலாது, மிஸ்" என்றது. நர்ஸம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்கிறாள். இந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்காரர் கால் திறந்து கிடக்கிறது. ஈ வராமல் முந்தானையால் வீசிக்கொண்டிருப்பது நான்.

பெயின்ட் பேச்சிலேயே விஷயம் வந்தது. திருப்பூர்ப் பக்கம் மாடிக் கட்டடத்தில் வேலை. சாரத்தில் வெறுங்காலோடு ஏறி இறங்கும்போது கட்டுக்கம்பி குதிகாலில் ஏறிவிட்டது. பிடுங்கியபோது ஒடிந்தது. அன்றைக்கு முகாமில் ஆள் கணக்குப் பார்க்கிற நாள், இவர் அங்கே இருந்திருக்க வேண்டும். எங்கே, எப்போது, யார் கூட என்று நர்ஸம்மா கேட்டதெல்லாம் அவருக்கு விசாரணையாகவே காதில் விழுந்திருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து போலீசும் அதிகாரிகளும் இந்தக் கேள்விகளைத்தான் கேட்கிறார்களாம். சுருக்கமாக, பிரச்சனை இல்லை என்று சொன்னால் விட்டுவிடுவார்களாம். அது நாக்கில் ஊறிப்போய்விட்டது.

உடனே எக்ஸ்ரேக்கு அனுப்பினார்கள். உள்ளே விரல் நக அளவுக்குக் கம்பித் துண்டு. எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு நாளுக்கு நாள் புண் சுருங்கியது.

நல்லது நடந்தது, சந்தோஷப்பட வேண்டியதுதான். எனக்கு வயிறு எரிந்தது. பெயின்டர் அண்ணே ஆனார். அவர் சம்சாரம் அக்கா ஆனது. நான் இன்னும் அம்மாதான், ஆஸ்பத்திரியில் ஆயாவிலிருந்து ஆடு மேய்க்கிறவள் வரைக்கும் எல்லோரும் அம்மாதானே. நான் கொண்டுபோன கடலையை நர்ஸம்மா பிரித்து, "அக்கா, எடுத்துக்கங்க" என்று முதலில் அங்கேதான் நீட்டினாள். எங்கள் நிலத்துக் கடலை! தினமும் ஸ்டூல் அந்தப் பக்கம்தான் போனது. உட்கார்ந்து கேட்பாள், அவர்கள் சொல்வார்கள், சிரிப்பார்கள். எங்களிடம் வரும்போது நின்றபடியே, "சுகர் மாத்திரை போட்டீங்களா? செருப்பு இருக்கா?" அவ்வளவுதான். ஒரு சக்களத்தி வந்திருந்தால்கூட எனக்கு இப்படி இருந்திருக்காது.

நானும் ஒரு நாள் முயன்று பார்த்தேன். "எங்க வீட்டுக்காரரும் நாப்பது வருசமா கடலை போடுறாரு சிஸ்டர், மண்ணக் கையில அள்ளுனாலே மழை வருமான்னு சொல்லிருவாரு" என்றேன். "அப்படியாம்மா" என்றாள், துணியைச் சுற்றியபடி, தலையைத் தூக்காமல். எங்கள் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். வெளியே வந்ததும், "ஆசுபத்திரில வந்து கடலையப் பத்தி என்னடி பேச்சு?" என்று ஏச்சு வேறு.

இதற்கிடையில் கருப்பு நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அடுத்த விரலின் அடிவரைக்கும் வந்துவிட்டது. நர்ஸம்மா முகத்தைச் சுளித்து, "ஏன்னு தெரியலையே, எல்லாம் சரியாத்தானே பண்ணுறோம்" என்றாள். டாக்டர் இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம், பிறகு தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிதான் என்றார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் மகளுக்குப் பல வருஷம் பிள்ளையில்லை. விராலிமலை முருகனுக்கு அவர் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிறந்து, மலையில் அதற்கு முடியிறக்குகிற வரைக்கும் காலில் செருப்பு போடமாட்டேன், இதை வெளியில் சொல்லவும் மாட்டேன் என்று. பிள்ளை பிறந்துவிட்டது, ஆண் பிள்ளை. மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருந்து வந்தால்தான் முடியிறக்க முடியும், லீவு சித்திரைக்குத்தான். அதுவரைக்கும் வயல், வரப்பு, தார் ரோடு எல்லாம் வெறுங்கால்தான். ஆஸ்பத்திரியில் செருப்பு கேட்கிறார்கள் என்று புதுச் செருப்பு ஒன்று வாங்கி மஞ்சப்பையில் வைத்துக்கொண்டார். அறை வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றுகிற இடத்தில் பையிலிருந்து எடுத்து ஜோடியாக வைப்பார். உள்ளே வருவார். "செருப்பு இருக்கா?" என்பாள் நர்ஸம்மா. "இருக்கு" என்பார். வாசலில் இருக்கிறதே.

வீட்டில் நான் சும்மா இருக்கவில்லை. "ஒங்க நேர்த்திய நான் எடுத்துக்கிறேங்க, நான் நடக்குறேன் வெறுங்கால்ல, நீங்க செருப்பப் போடுங்க" என்று காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். "சாமி காரியத்துல குறுக்க வராத. வெளிய மூச்சு விட்டின்னா, பிள்ளைக்கு ஒன்னுன்னா ஒன் தலையிலதான்" என்றார். அதன் பிறகு எனக்கு எப்படி வாய் வரும்? பேரன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். கால் ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம். ரெண்டையும் முருகன் கையில் கொடுத்துவிட்டு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த ரெண்டாவது நாள். நர்ஸம்மா துணி எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்தாள். கேம்ப்பு அம்மா வாசல் ஓரமாக உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டுக்காரர் வைத்த செருப்பைப் பார்த்தது, குனிந்து ஒன்றைத் திருப்பிப் பார்த்தது. சிரித்துக்கொண்டே, "அண்ணை, உங்கட செருப்பு ரோட்டைக் கண்டதே இல்லைப் போல! அடியில விலை ஒட்டினபடி கிடக்கு" என்றது.

எங்கள் வீட்டுக்காரர் கோபப்படுவார் என்று பார்த்தால், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிச் சிரிக்கிறார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் முன்னால் அப்படிச் சிரித்த ஞாபகம் எனக்கில்லை. "கண்டுபுடிச்சிட்டியே தாயி" என்றார். பிறகு முழுக்கச் சொன்னார். மகள், பிள்ளை, விராலிமலை, சித்திரை லீவு, மஞ்சப்பை. என்னிடம் ம் என்று ஒற்றை எழுத்தில் முடிக்கிற மனுஷன், யாரோ ஒருத்தியிடம் கதை கதையாகச் சொல்கிறார். சொல்லி முடித்ததும் முகம் வாடிவிட்டது. "வெளிய சொல்லிப்புட்டேனே. குத்தமாகாது?"

"முருகன் என்ன பொலிசே அண்ணை, வாய் திறந்தவுடன கேஸ் போட?" என்றது அந்தம்மா. "நேர்த்தியை வீட்டில ஆரும் ஏற்கலாம். எங்கட ஊரில அப்படித்தான். இவ, உங்கட மனிசி, ஏற்று நடக்கட்டும். நீங்கள் செருப்பைப் போடுங்கோ. கால் போனா, பேரனைத் தூக்கிக்கொண்டு எப்படி மலை ஏறுவியள்?"

அவர் யோசித்தார். தலையை ஆட்டினார். "அதுவுஞ் சரிதான்" என்றார்.

நான் சொன்ன அதே வார்த்தை! அதே வார்த்தையை வீட்டில் வைத்து நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கால் பிழைக்க வழி பிறந்ததற்கா, அது அந்தம்மா வாயால் பிறந்ததற்கா என்று கேட்டால் முருகனுக்குத்தான் தெரியும்.

நர்ஸம்மா கதவருகே நின்று பாதியைக் கேட்டிருக்கிறாள். வந்ததும் என் மேல் பாய்ந்தாள். "ஏம்மா, ஐயாதான் அப்படின்னா, நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாது? தெனம் செருப்பு இருக்கான்னு கேக்குறேன்ல?"

அடக்கி வைத்ததெல்லாம் வெடித்துவிட்டது. "எங்க கேட்டீங்க? நின்னுக்கிட்டே கேட்டீங்க, நின்னுக்கிட்டே போனீங்க. அவுகள்ட்ட மட்டும் ஸ்டூலப் போட்டு ஒக்காந்து, செவுத்தக் கேட்டீங்க, பெயின்ட்டக் கேட்டீங்க. எங்ககிட்ட என்ன கேட்டீங்க?"

"நீங்க நம்ம ஊரும்மா. கேக்காமலே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"அப்ப எங்களையும் கேம்ப்காரங்கன்னு நெனச்சு ஒரு நாளைக்குக் கேளுங்க சிஸ்டர்! அவுகளுக்கு வந்த வாழ்வு எங்களுக்கு வேணாமா?"

பெயின்டர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தம்மா மட்டும் என்னைப் பார்த்தது. கோபமில்லை. உதட்டோரம் லேசாகச் சிரிப்புக்கூட இருந்தது.

"மாத்துவமா அக்கா?" என்றது. "எங்கட அகதிக் கார்டை நீங்கள் எடுங்கோ, உங்கட இந்தியக் கார்டை எங்களுக்குத் தாங்கோ. ஸ்டூலையும் சேர்த்தே எடுங்கோ."

எங்கள் வீட்டில் பீரோவுக்குள் ரேஷன் கார்டு, வாக்காளர் கார்டு, நிலத்துப் பட்டா எல்லாம் ஒரே பையில் சும்மா கிடக்கின்றன. அவற்றை எடுத்துப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்றோ. அந்தப் பையை யாராவது பொறாமையாகப் பார்க்கக்கூடும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அந்த நிமிஷம் தோன்றியது. தோன்றியதற்காக என் எரிச்சல் போய்விட்டது என்று எழுதினால் பொய். பேச்சிலும் அந்தம்மா என்னை ஜெயித்துவிட்டதே என்று அதற்கும் சேர்த்து எரிந்தது.

நர்ஸம்மா ஸ்டூலை இழுத்தாள். அன்றைக்கு முதல் தடவையாக எங்கள் பக்கம். எங்கள் வீட்டுக்காரர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, அடிப்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த வரப்பில் நடப்பீர்கள், தண்ணீரில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் சொன்னார். ஆனால் சொல்லும்போதெல்லாம் கேம்ப்பு அம்மாவைப் பார்த்து, அதன் சம்மதம் வாங்கிக்கொண்டேதான் சொன்னார்.

சுண்டுவிரலை எடுத்தார்கள். அதற்கு அடுத்த விரல் தப்பியது, கால் தப்பியது. அவர் செருப்புப் போட ஆரம்பித்தார், நான் கழற்றினேன். பங்குனி வெயிலில் பஸ் ஸ்டாண்டுத் தாரில் நான் குதித்துக் குதித்து நடக்க, அவர் முன்னால் போவார். யாராவது கேட்டால், "கேம்ப்புல இருந்து வந்த ஒரு அம்மா சொன்ன யோசனை" என்பார்.

பெயின்டருக்குக் குதிகால் ஆறிவிட்டது. அவர்கள் வருவது நின்றது. கட்டு மாற்றப் போகிற நாளெல்லாம் எங்கள் வீட்டுக்காரர் வாசலைப் பார்த்தபடி, "அவுக இன்னைக்கும் வரலையா?" என்பார். "புண்ணு ஆறுனவுக எதுக்கு வாராக?" என்பேன் நான், கொஞ்சம் வெடுக்கென்று.

சித்திரையில் மாப்பிள்ளை வந்தார். விராலிமலையில் பேரனுக்கு முடியிறக்கினோம். அவன் கத்திய கத்தலில் மலையே எழுந்திருக்கும். எங்கள் வீட்டுக்காரர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, விந்தி விந்தி, ஒவ்வொரு படியாக ஏறினார். நான் கூடவே ஏறினேன். சன்னதியில் கூட்டம் நெருக்கியது. கொஞ்ச நேரம்தான் நிற்க விட்டார்கள். மொட்டைத் தலையைக் காட்டி பேரனுக்கு ஆயுசு கேட்டேன். அவர் காலைக் காட்டி, மிச்ச விரலையெல்லாம் விட்டுவை என்று கேட்டேன். அர்ச்சகர் போங்க போங்க என்கிறார். நகர்ந்துவிட்டேன். நாலடி போனவள் திரும்பிப் பார்த்து, "அந்தக் கேம்ப்பு அம்மாவுக்கும் எங்க கார்டு மாதிரி ஒரு கார்டு குடுய்யா, அவுகளும் ஒன்னைத்தான் கும்புடுறாக" என்று சொன்னேன். பின்னால் இருந்தவர்கள் தள்ள, வாசலைத் தாண்டும்போது அவசரமாக இன்னொன்றும் சொன்னேன்: "ஆனா நாங்க கேட்டத மொதல்ல பாரு."